செவிலியின் கையெழுத்து

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே, பருத்தியும் மக்காச்சோளமும் மாறி மாறி விளைகிற கரிசல் வெளிகளுக்கு நடுவில், எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஊரின் ஒரு கோடியில், பள்ளிக்கூடத்துக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ பக்கத்தில், இரண்டு அறைகளும் ஒரு திண்ணையும் கொண்ட சிறு கட்டிடத்தைக் காணலாம். அதன் நெற்றியில் துணை சுகாதார நிலையம் என்று எழுதியிருக்கும். ஊரார் அதைச் சொல்லும்போது அங்கே இருக்கும் மனுஷியின் பெயராலேயே சொல்வார்கள். 'நர்ஸம்மாகிட்டப் போயிட்டு வரேன்' என்றால் அந்த இடத்துக்குப் போய் வருவதாகப் பொருள். காலை ஒன்பது மணிக்குள் அந்தத் திண்ணையில் நாலைந்து பேர் சேர்ந்துவிடுகிறார்கள்: களையெடுக்கப் போவதற்கு முன் வந்துவிட்ட முதியவள், வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருக்கும் மருமகள், தடுப்பூசிக்குக் கொண்டுவந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் பாட்டி.

"தல கிறுகிறுன்னு வருது நர்ஸம்மா" என்று முதியவள் சொல்கிறாள்.

"ஏன் ஆயா, போன வாரம் குடுத்த மாத்திரைய ஒழுங்கா போட்டியா, இல்ல நல்லாத்தான இருக்கோம்னு நிறுத்திப்புட்டியா?"

நிறுத்திவிட்டாள் என்பது பதில் வருவதற்கு முன்பே அந்தச் செவிலிக்குத் தெரியும். கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கிறாள். காலை அழுத்திப் பார்த்து வீக்கம் உண்டா என்று கவனிக்கிறாள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கிறாள். மூச்சு வாங்குகிறதா, இரவில் படுத்தால் இருமல் வருகிறதா என்று கேட்கிறாள். இதெல்லாம் பத்து நிமிஷத்துக்குள் முடிந்து, இவளுக்கு விட்டுப்போன மாத்திரையைத் திரும்பத் தொடங்கினால் போதுமா, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் இன்றே அனுப்ப வேண்டுமா, அல்லது ஒரு நாழிகையும் தாமதியாமல் 108-க்குப் போன் செய்ய வேண்டுமா என்ற மூன்றில் ஒன்றை அவள் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானம் வைத்தியனுடைய காரியம் என்பதில் சந்தேகமில்லை. அதைச் செய்கிறவள் வைத்தியன் என்ற பெயர் இல்லாதவள். மருந்துச் சீட்டில் தன் கையெழுத்தைத் தன் சொந்த அதிகாரத்தால் இடுகிற உரிமை இல்லாதவள். மேலே உள்ள ஒரு வைத்திய அதிகாரியின் நிலையான உத்தரவு என்னும் குடையின் கீழ் நின்றுதான் அவள் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள். இந்த வாரம் நான் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் அந்தக் கையெழுத்து.

மேல்நாடுகளில் இத்தகைய செவிலிக்கு ஒரு பெயரும், பெயருக்கு ஏற்ற படிப்பும், படிப்புக்கு ஏற்ற சட்டமும் அறுபது ஆண்டுகளாக உண்டு. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, நாட்டுப்புறத்துக் குழந்தைகளுக்கு டாக்டர் கிடைக்காத குறையை நிவர்த்திக்க, அனுபவமுள்ள செவிலியருக்கு நோயறியும் பயிற்சியையும் சிகிச்சை செய்யும் பயிற்சியையும் அளிக்கும் ஒரு பாடத்திட்டத்தைத் தொடங்கினார்கள். ஃபோர்டு அம்மையார் அதற்கு முன் கொலராடோவின் கிராமப் பகுதிகளில் பொதுச் சுகாதாரச் செவிலியாகப் பணிபுரிந்தவர். வீடு வீடாகப் போய்ப் பார்த்த அந்த அனுபவமே அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது. 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று பெயர் பெற்ற அந்த வகுப்பினர் இன்று அந்நாட்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். பாதிக்கும் அதிகமான மாநிலங்களில் அவர்கள் எந்த டாக்டருடைய மேற்பார்வையும் இன்றித் தாமே நோயாளியைப் பரிசோதித்து, தாமே மருந்து எழுதித் தருகிறார்கள். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில், 104-ஆம் வயதில் ஃபோர்டு அம்மையார் காலமானபோது, தாம் நட்டது விருட்சமாகிக் கிளைபரப்பியதைக் கண்ணாரக் கண்ட பாக்கியத்தோடு மறைந்தார். பிரிட்டனிலும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் செவிலியர் மருந்து எழுதும் உரிமை படிப்படியாக விரிந்து, 2006 முதல் தகுதிபெற்ற செவிலியர் தம் திறமைக்கு உட்பட்ட ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் எழுதலாம் என்றாயிற்று.

தமிழில் இந்தப் பதவிக்குச் சரியான பெயரே இன்னும் அமையவில்லை. சிலர் 'செவிலியப் பயிற்சியாளர்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அது செவிலியருக்குப் பயிற்சி கொடுப்பவர் என்றோ, பயிற்சியில் இருப்பவர் என்றோ பொருள்பட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகிறது. 'சிகிச்சைச் செவிலியர்' என்று சொல்லலாமே என்பது என் அபிப்பிராயம். சிகிச்சை என்ற சொல்லுக்குள் நோயை அறிவதும் மருந்தை நிச்சயிப்பதும் அடங்கிவிடுகின்றன. செவிலி என்ற சொல்லோ நம் மொழியில் மிகத் தொன்மையானது. பண்டைய அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தவள், அவள் உடன்போக்கில் போய்விட்டால் பாலைவழியே தேடிக்கொண்டு புறப்படுகிறவள் செவிலித்தாய். பெற்றவள் வீட்டில் இருந்து அழ, செவிலிதான் வெயிலில் நடக்கிறாள். தாதி என்றும் நர்ஸ் என்றும் வழங்கிய உத்தியோகத்துக்கு இந்தப் பழஞ்சொல்லை எடுத்துச் சூட்டியவர் யாராக இருந்தாலும் அவர் தமிழும் அறிந்தவர், அந்த வேலையும் அறிந்தவர்.

பெயரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், நம் நாட்டில் இந்தக் காரியம் பெயர் பெறாமலே நெடுங்காலம் நடந்துவந்திருப்பதுதான். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-ஆம் ஆண்டில் ஆறு மாத காலப் பிரசவப் பயிற்சியாக நான்கு மாணவியரோடு செவிலியர் கல்வி தொடங்கியது என்று செவிலிய சரித்திரம் எழுதியவர்கள் குறிக்கிறார்கள். 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டு, அவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதும் முறை ஏற்பட்டது. 1946-ஆம் ஆண்டு இரண்டு வகையில் முக்கியமானது. அவ்வாண்டுதான் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லியிலும் செவிலியத்தில் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு தொடங்கியது; அவ்வாண்டுதான் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, இந்தியா முழுமைக்கும் ஒரே தரத்து அடிப்படை டாக்டர்தான் வேண்டும் என்று தீர்மானித்து, எல்.எம்.பி. என்னும் லைசென்சியேட் வகுப்பைக் கைவிடச் சொல்லிற்று. ராயபுரத்து ஸ்டான்லி பள்ளி போன்ற இடங்களில் குறுகிய காலம் படித்து எல்.எம்.பி. பட்டம் பெற்ற எத்தனையோ பேர் சிற்றூர்களிலும் தாலுகா ஊர்களிலும் வைத்தியம் பார்த்துவந்தார்கள். தரத்தை உயர்த்தும் நல்லெண்ணத்தோடுதான் அந்த வகுப்பு மூடப்பட்டது. ஆனால் அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு, எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் வந்து உட்காரவில்லை. பட்டணத்து டாக்டருக்கும் கிராமத்து நோயாளிக்கும் நடுவில் ஒரு பெரும் வெற்றிடம் விழுந்தது. அந்த வெற்றிடத்தில், யாரும் அழைக்காமலும் யாரும் நியமன உத்தரவு தராமலும், மெல்ல மெல்ல வந்து நின்றவள் செவிலிதான்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைப் பார்த்தால் இது விளங்கும். 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பெரம்பலூரின் ஜனத்தொகை 5,65,223. தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்தது. அரியலூரின் ஜனத்தொகை 7,54,894. சிறிய மாவட்டங்கள், மழையை நம்பிய விவசாயம், ஒரு பக்கம் சின்ன வெங்காயமும் பருத்தியும், மறு பக்கம் முந்திரியும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும். நெடுங்காலம் இவ்வூர்களின் கடுமையான வியாதியஸ்தர்களுக்குப் 'பெரியாஸ்பத்திரி' என்றால் அது திருச்சியில் இருந்தது, அல்லது தஞ்சாவூரில். பெரம்பலூரிலிருந்து திருச்சி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பச்சைமலை அடிவாரத்துக் குக்கிராமத்திலிருந்து கணக்கிட்டால் அதைவிடவும் அதிகம். நெஞ்சுவலியோ பிரசவ வலியோ அந்தத் தூரத்தை அறியாது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்றுதான் திறக்கப்பட்டது.

அந்தக் கல்லூரியின் அரங்கத்துக்கு அனிதாவின் பெயரை அரசு சூட்டியிருக்கிறது. அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வினால் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பர் முதல் தேதி இவ்வுலகை நீத்த அந்தக் குழந்தையை நினைக்காமல் இப்பகுதிப் பெண்களின் வைத்தியக் கல்வியைப் பற்றி யாரும் எழுத முடியாது. அந்த நினைவு நெஞ்சில் இருக்கும்போது ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். டாக்டர் இடம் கிடைக்காத பெண்ணுக்கு ஆறுதல் பரிசாக வைத்திருப்பது செவிலியம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது டாக்டர் படிப்பை விரும்பியவளுக்கும் அநீதி, செவிலியத்தைத் தன் முதல் விருப்பமாக மனமாரத் தேர்ந்துகொண்டவளுக்கும் அநீதி. செவிலியம் வேறொரு கலை, வேறொரு திருஷ்டி. டாக்டர் வியாதியைப் பார்க்கும் நேரத்தில் செவிலி வியாதியோடு சேர்த்து வியாதியஸ்தனின் வீட்டையும் பார்க்கிறாள். அந்த முதியவள் மாத்திரையை நிறுத்தியது, மகன் கேரளத்துக்கு வேலைக்குப் போன மாதத்திலிருந்துதான் என்பது அவளுக்குத் தெரியும்.

இனி வேப்பூருக்கு வருவோம். 2017-இல் தமிழ்நாடு அரசு, அனைவருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு என்ற முன்னோடித் திட்டத்துக்கு மூன்று வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்தது: கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை, பெரம்பலூர் மாவட்டத்து வேப்பூர். திட்டத்தின் சாரம் எளியது. ஐயாயிரம் பேருக்கு ஒன்றாக இருக்கும் துணை சுகாதார நிலையத்தில் அதுவரை கர்ப்பிணிகளையும் தடுப்பூசிக் குழந்தைகளையும் மட்டுமே கவனிக்க முடிந்தது. கிராம சுகாதாரச் செவிலி பாதி நாள் வெளியே வீடு வீடாகப் போய்விடுவதால் கதவு பூட்டியே கிடக்கும். அங்கே கூடுதலாக ஆள் போட்டு, மருந்துகளின் வகையைப் பெருக்கி, எளிய இரத்தப் பரிசோதனைகளை வைத்து, கதவைத் திறந்தே வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்பதே நோக்கம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் அதன் பலனைக் கவனித்து எழுதினார்கள். அவர்கள் விரிவாக ஆராய்ந்த வட்டாரங்களில், அதற்கு முன் புறநோயாளிகளில் அநேகமாக யாருமே எட்டிப்பாராத துணை நிலையத்தை நாடி வருவோர் பல மடங்கு பெருகினார்கள். தனியார் கிளினிக்குகளுக்குப் போவது கணிசமாகக் குறைந்தது. ஜனங்கள் தம் கையிலிருந்து செலவழிக்கும் பணமும் குறைந்தது. செவிலி கொடுக்கும் மருந்தை ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று பட்டணத்து அறைகளில் உட்கார்ந்து பேசிய பேச்சுக்கு, நடந்து போகும் தூரத்தில் திறந்து கிடந்த ஒரு கதவு பதில் சொல்லிவிட்டது.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கையைத் தொடர்ந்து, நாடெங்கும் ஒன்றரை லட்சம் துணை நிலையங்களையும் ஆரம்ப நிலையங்களையும் நலவாழ்வு மையங்களாக மாற்றும் திட்டம் 2018-இல் வந்தது. ஒவ்வொரு துணை நிலையத்துக்கும் செவிலியப் படிப்பு முடித்த ஒருவரை அமர்த்துவது அதன் உயிர்நாடி. தமிழ்நாட்டில் அவர்களுக்கு 'இடைநிலை சுகாதார சேவையாளர்' என்று பெயர். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் விளம்பரத்தில் 'எம்.எல்.எச்.பி.' என்று போட்டிருக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடிப் போய்ச் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுப்பதையும், நோய்த்தணிப்புச் செவிலி படுக்கையில் கிடப்பவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டுவதையும் இன்று எல்லாரும் கண்டிருக்கிறோம். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அதற்குக் கிடைத்தது. இத்தனைக்கும் அச்சாணியாக இருப்பது செவிலியின் தீர்மானமே என்பதை விருதுச் செய்திகள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தீர்மானம் என்று மீண்டும் மீண்டும் சொல்கிறேனே, அதற்கு ஓர் உதாரணம். வெங்காயக் காட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனை ராத்திரியில் ஏதோ கடித்துவிட்டது; பாம்பா, வேறு பூச்சியா தெரியாது; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் செவிலி இருக்கிறாள், டாக்டர் வந்துகொண்டிருக்கிறார். அவள் செய்ய வேண்டிய பரிசோதனைக்கு எந்த யந்திரமும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிஷம் நிறுத்திவைத்து, பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ஓரளவு நிம்மதி, ஆயினும் கண்காணிப்பு விடக் கூடாது. உறையாமல் வழிந்தால் விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து உடனே வேண்டும். குழாய் ஈரமாக இருந்தாலும், இடையில் ஒருமுறை எடுத்து ஆட்டிவிட்டாலும் பரிசோதனை பொய்த்துப்போகும். கண்ணிமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்பதையும் அந்த இருபது நிமிஷத்தில் அவள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏனென்றால் நாகத்தின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் இரத்தத்தைத் தொடாமல் மூச்சை நிறுத்தும். வெளியே உறவினர் கூட்டம் கத்துகிறது. அந்த இருபது நிமிஷ மௌனத்தைக் காப்பாற்றுகிற மனோதிடம் எந்தப் பாடப்புத்தகத்திலும் மதிப்பெண் பெறுவதில்லை.

பிரசவ அறையிலும் இப்படியே. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்த ஏற்பாடு தமிழ்நாட்டின் தாய்மார் மரணத்தைக் குறைத்த காரணங்களுள் தலையாயது. பிள்ளை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போடுவதும், வலிப்பு கண்ட கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட்டின் முதல் அளவைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுவதும் அவள் கையால் நடப்பவை. அந்தக் கை தயங்கினால் ஒரு குடும்பம் போய்விடும்.

ஆகவே, பெரம்பலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ செந்துறையிலோ பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டு, 'நான் இந்த வழியில் எவ்வளவு தூரம் போக முடியும்?' என்று கேட்கும் பெண்ணுக்கு (ஆணுக்கும்தான், செவிலியத்தில் இன்று ஆண்களும் இருக்கிறார்கள்) உள்ளபடி சொல்ல வேண்டியது இது. பட்டயப்படிப்பு மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நான்கு ஆண்டு. இயன்றால் பி.எஸ்சி.யைத் தேர்ந்துகொள்வது நலம். மேலே போகும் கதவுகள் எல்லாம் அங்கிருந்தே எளிதாகத் திறக்கின்றன. படிக்கப் போகும் கல்லூரிக்கு நோயாளிகள் நிறைந்த சொந்த மருத்துவமனை உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும்; படுக்கைகள் காலியாகக் கிடக்கும் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தவளுக்கு ஊசி போடத் தெரியலாம், மனிதனைப் படிக்கத் தெரியாது. பட்டம் பெற்ற பின் ஓராண்டாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்திருந்தால், இந்திய செவிலியர் கவுன்சில் 2016-இல் ஏற்படுத்திய 'தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற இரண்டாண்டு முதுகலைப் படிப்பில் சேரலாம். வகுப்பறையில் உட்காரும் காலம் அதில் மிகக் குறைவு. பெரும்பகுதி நோயாளியின் படுக்கையருகேதான். செயற்கைச் சுவாசக் கருவியை நோயாளியின் நிலைக்கேற்ப மாற்றி வைப்பது, தமனி இரத்தத்தில் பிராணவாயுவின் அளவைப் படித்து அறிவது, வகுத்துக் கொடுத்த நெறிமுறைக்குள் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது முதலியவற்றில் அவள் தேர்ச்சி பெறுகிறாள். பிரசவத்தில் பற்று உடையவளுக்கு, மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 'மகப்பேறு நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பதினெட்டு மாதப் பயிற்சி உண்டு. சிக்கலற்ற பிரசவங்களை அறுவை இன்றி, அவசரம் இன்றி, தாயின் கௌரவம் குலையாமல் தானே பொறுப்பேற்று நடத்தும் தகுதியை அது தருகிறது. சிசேரியன் பெருகிவிட்ட நம் மாநிலத்துக்கு இதைவிட வேண்டிய படிப்பு வேறில்லை என்றே நினைக்கிறேன்.

படிப்பு இருக்கிறது; படித்து வந்தவளை உட்காரவைக்க ஆசனம் இல்லை. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரில் முறையான பதவியும் ஊதிய விகிதமும் நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் வகுக்கப்படவில்லை. இரண்டாண்டு அரும்பாடுபட்டுப் படித்து வந்தவள் பழையபடி ஸ்டாஃப் நர்ஸாகவே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறாள். இடைநிலை சுகாதார சேவையாளருக்கு மாதம் 18,000 ரூபாய், அதுவும் ஒப்பந்த அடிப்படையில். 2012-இல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015-இல் தேர்வெழுதிப் பணியில் சேர்ந்த செவிலியருக்குத் தொடக்கத்தில் கிடைத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பின்னர் அது உயர்த்தப்பட்டது உண்மை. ஆயினும் பணி நிரந்தரத்துக்காக அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடிய காட்சியை நாம் பலமுறை பார்த்தோம். கொரோனா காலத்தில் கைதட்டி வாழ்த்திய கரங்கள், அந்தச் செவிலியரின் சம்பளப் பட்டியலைத் திருத்தி எழுதவும் முன்வந்திருக்க வேண்டும். இப்பகுதிப் பெண்கள் தமிழ்நாடு அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஓ.எம்.சி.எல். வழியாகவோ தனியார் முகவர் வழியாகவோ வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போவதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டில் அவள் பெறுவது பணம் மட்டுமன்று. அவள் சொல்லுக்கு மதிப்பும் பெறுகிறாள்.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிட வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, நவீன மருத்துவத்தோடு தொடர்புடைய தகுதி பெற்றவர்களுக்கு 'சமுதாய சுகாதார சேவையாளர்' என்ற பெயரில் வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்கலாம் என்றும், ஆரம்ப சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் தாமே எழுதலாம் என்றும் சொல்கிறது. மருத்துவர் சங்கங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. 1947-ஆம் ஆண்டுச் செவிலியர் கவுன்சில் சட்டத்தின் இடத்தில் 2023-இல் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. ஏட்டில் வழி திறந்திருக்கிறது. வேப்பூர்த் திண்ணை வரையில் அது இன்னும் வந்து சேரவில்லை.

டாக்டர்களின் ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அரைகுறை அறிவு உள்ளவன் கையில் மருந்துச் சீட்டைக் கொடுத்தால் ஏழைகளுக்கு இரண்டாந்தர வைத்தியம்தான் மிஞ்சும் என்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. இதற்குச் சத்தீஸ்கர் மாநிலத்து அனுபவம் ஒரு நல்ல உரைகல். 2001-இல் அங்கே கிராமங்களுக்கென்று மூன்றாண்டு மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் தேறியவர்களையும் எம்.பி.பி.எஸ். டாக்டர்களையும், ஆயுஷ் வைத்தியர்களையும், ஆரம்ப நிலையங்களில் தனித்து நின்று சிகிச்சை செய்துவந்த செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். மூன்றாண்டு படித்தவர்கள் எம்.பி.பி.எஸ். டாக்டருக்குச் சமமாக நின்றார்கள், செவிலியரும் மருந்தாளுநரும் அடங்கிய பிரிவினர் பின்தங்கினார்கள். செவிலியத்தின்மேல் அன்புள்ளவர்கள் இதை மறைக்கக் கூடாது. சிகிச்சைக்கென்று யாரும் கற்றுக்கொடுக்காமல், வேறு ஆள் இல்லாததால் மட்டும் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர்கள் அவர்கள். கற்றுக்கொடுக்கப்பட்டவன் டாக்டருக்கு நிகராக நின்றான் என்பதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது. ஆகவே உரிமைக்கு முன் பயிற்சி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக்குப் பின்னும் உரிமை இல்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கும் பொறுப்பு முழுவதும் செவிலியின் தலைமேல்தான் இருக்கிறது. தவறு நேர்ந்தால் விசாரணைக்கு அழைக்கப்படுகிறவள் அவள். சரியாக நடந்தால் அறிக்கையில் வேறொருவர் பெயர் இருக்கிறது.

என் சொந்த ஞாபகம் ஒன்று. சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வந்துபோன நர்ஸம்மா, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எப்போதும் வைத்திருப்பார். அதில் ஊரின் அத்தனை கர்ப்பிணிகளின் பெயரும் மாதமும் இருக்கும். என் சித்திக்கு எட்டாம் மாதத்தில் கால் வீங்கியபோது, 'பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்குறது சகஜம்தான்' என்று வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் சொல்லிவிட, அவர் மட்டும் வாசலில் நின்றபடியே முகத்தையும் கையையும் பார்த்து, 'இது அந்த வீக்கமில்ல பெரியம்மா, இன்னிக்கே வண்டி கட்டுங்க' என்றார். தாத்தா மறுத்துப் பார்த்தார். அவர் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. வண்டி பூட்டிய பிறகுதான் எழுந்தார். சித்தியும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அன்று ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்த அம்மாளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லாமல் அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் கழிந்ததும் இல்லை.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் அரியலூர் மாவட்டத்தைப் பற்றிய ஒரு தொகை என் மனத்தை விட்டு நீங்காமல் இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 897. தமிழ்நாட்டில் மிகத் தாழ்ந்த விகிதங்களுள் ஒன்று அது. பிறக்க வேண்டிய பெண்கள் சிலர் பிறக்கவே இல்லை என்பது அதன் பொருள். பிறந்தவர்களில் பலரைக் காப்பாற்றியவள் ஒரு கிராம சுகாதாரச் செவிலி. மூன்றாவதும் பெண் என்று முகம் சுளித்த வீட்டுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏதாவதொரு சாக்குச் சொல்லிக்கொண்டு போய், பிள்ளையின் எடையை நிறுத்துப் பார்த்துவிட்டு வந்தவள். அன்று எண்ணப்பட்ட அந்தக் குழந்தைகள் இன்று மேல்நிலை வகுப்புகளிலும் கல்லூரி வாசல்களிலும் நிற்கிறார்கள். வருகிற ஜூன் மாதத்தில் அவர்களில் சிலர் செவிலியப் படிப்புக்கு மனுப் போடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை நகலெடுத்து, சாதிச் சான்றிதழைத் தேடி எடுத்து, தாலுகா ஆபீஸுக்கு இரண்டு முறை நடந்து, வரிசையில் நின்று, கடைசியில் பூர்த்தி செய்த படிவத்தைத் தகப்பனார் முன் நீட்டுவார்கள். அவர் தமக்குரிய இடத்தில் மெல்ல எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மகளிடம் கொடுப்பார். அவளுக்கென்று விட்டிருக்கும் கட்டத்தில் அவள் தன் பெயரை எழுதுவாள்.